யாரைக் கேட்பது? ஓட்டுநர் இல்லாத காரும் தெருவில் நிற்பவரும்

அமெரிக்காவில் ‘ஏஏஏ’ என்று அழைக்கப்படும் வாகன ஓட்டிகள் சங்கம் பல ஆண்டுகளாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறது: தானாக ஓடும் காரில் ஏறி உட்காரப் பயமாக இருக்கிறதா? 2017 தொடக்கத்தில் 78 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அது 63 ஆக இறங்கியது. 2018 வசந்தத்தில் 73 ஆக ஏறியது. 2022-ல் 55, 2023-ல் 68, அடுத்த ஆண்டு 66, 2025-ல் ஏறக்குறைய 61. இந்த எட்டு ஆண்டுகளில் காரின் கண்ணும் மூளையும் கூர்மையாகிக்கொண்டேதான் வந்திருக்கின்றன. பயம் மட்டும் அதற்கு இணையாகக் குறையவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது.

இதற்குத் தொழில்நுட்பத் துறையினர் தரும் விளக்கம் எளிது. மனிதர்களுக்கு நிகழ்தகவு புரியாது, மனிதர்கள் ஓட்டும் வண்டிகளால் அமெரிக்கச் சாலைகளில் ஆண்டுக்குச் சுமார் 40 ஆயிரம் பேர் சாவதைச் செய்தியாகக்கூட நினைக்காதவர்கள், ரோபோ கார் ஒன்று கம்பத்தில் உரசினால் பதறுகிறார்கள், பழகினால் சரியாகிவிடும். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அந்தக் கருத்துக்கணிப்பின் கேள்வியே மறைத்துவிடுகிறது. ஏறி உட்காரப் பயமா என்று கேட்பது பயணியாகப் போகிறவரை, அதாவது வாடிக்கையாளரை. ஆனால் ஒரு நகரத்தில் இந்தக் கார்களை நாள்தோறும் எதிர்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் அவற்றின் உள்ளே இருப்பவர்கள் அல்ல. சாலையைக் கடப்பவர், சைக்கிளில் போகிறவர், தீயணைப்பு வண்டியோடு விரைகிறவர், தெருமுனையில் கடை வைத்திருப்பவர். இவர்கள் எந்தச் செயலியையும் இறக்கிக்கொள்ளவில்லை, எந்த நிபந்தனைக்கும் ‘சம்மதம்’ என்று அழுத்தவில்லை. கடந்த பத்தாண்டுச் சச்சரவுகளைக் கூர்ந்து பார்த்தால் சண்டை போட்டவர்கள் அநேகமாக இவர்கள்தான். ‘இது பாதுகாப்பானதா’ என்பதைவிட, ‘இதற்கு யார் பதில் சொல்வது, எங்களை யார் கேட்டார்கள்’ என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்திருக்கிறது.

பியூ ஆய்வு மையம் 2022-ல் வெளியிட்ட கணிப்பு இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஓட்டுநர் இல்லாத காரில் ஏறமாட்டோம் என்றவர்கள் 63 சதவீதம். இவை பரவலாவது சமூகத்துக்கு நல்லதா என்று தனியே கேட்டபோது கெட்டது என்றவர்கள் 44, நல்லது என்றவர்கள் 26. மற்றவர்கள் பெரும்பாலும் தெரியவில்லை என்றார்கள். தனக்கு வேண்டாம் என்பதும் ஊருக்கு வேண்டாம் என்பதும் ஒன்றல்ல என்று மக்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2018-ல் ஏறிய அந்தப் பத்துப் புள்ளிகளுக்கு ஒரு முக்கியக் காரணம் அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரத்தில் நடந்தது. மார்ச் 18 இரவு பத்து மணியளவில், 49 வயதுப் பெண் ஒருவர் பைகள் தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மில் அவென்யூவைக் கடந்தார். ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டத்தில் விட்டிருந்த வால்வோ கார் அவர்மேல் மோதியது. தானோட்டிக் காரால் உயிரிழந்த முதல் பாதசாரி அவர். ஓரிரு நாளிலேயே நகரக் காவல்துறைத் தலைவர், அவர் இருளிலிருந்து வந்ததால் யார் ஓட்டியிருந்தாலும் தவிர்ப்பது கடினமாக இருந்திருக்கும் என்ற பொருளில் பேசினார். மூன்று மாதம் கழித்து வந்த காவல்துறையின் சொந்த அறிக்கை, கண்காணிப்புக்காக ஸ்டீரிங் முன்னால் அமர்ந்திருந்தவர் சாலையைப் பார்த்திருந்தால் இதை முழுக்கத் தவிர்த்திருக்கலாம் என்றது. அவர் கைப்பேசியில் தொலைக்காட்சி நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு விஷயம் முடிந்திருந்தால் இது வெறும் கவனக்குறைவுக் கதை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-ல் முடித்த விசாரணை வேறொன்றைச் சொன்னது. மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே காரின் ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் கண்டது இன்னதென்று அதனால் முடிவு செய்ய முடியவில்லை. ஒரு கணம் வாகனம், மறுகணம் ஏதோ ஒரு பொருள், பிறகு சைக்கிள். ஒவ்வொரு முறை பெயர் மாற்றும்போதும் அது எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. காரணம் நேரானது: கடப்பதற்கென்று கோடு போட்ட இடத்துக்கு வெளியே ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்ற சாத்தியமே அந்த மென்பொருளில் எழுதப்படவில்லை. அப்படிப்பட்ட மென்பொருளைச் சென்னை அண்ணா சாலையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்திருந்தால் குறை அன்றே தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு, வால்வோவில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த அவசர பிரேக் வசதி, கணினி ஓட்டும் நேரத்தில் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. முன்பு சோதனைக் காரில் இருவர் இருந்தார்கள்; சில மாதங்களுக்கு முன்னால்தான் அதை ஒருவராகக் குறைத்திருந்தார்கள்.

பின்னணியும் உண்டு. 2016 டிசம்பரில் கலிஃபோர்னியா, அனுமதி வாங்காமல் ஓட்டக் கூடாது என்று ஊபரைத் தடுத்தது. நிறுவனம் கார்களை லாரியில் ஏற்றி அரிசோனாவுக்குக் கொண்டுபோயிற்று. ஆளுநர் டக் டூசி வாருங்கள் என்று வரவேற்றார். தடை சொல்லாத மாநிலம், குறைக்கப்பட்ட ஆள், அணைக்கப்பட்ட பிரேக், கோட்டுக்கு வெளியே மனிதரே இல்லை என்று நம்பிய நிரல். இத்தனை கைகள் சேர்ந்த ஒரு சாவுக்கு யார் பதில் சொன்னார்கள்? ஊபர்மேல் குற்றவழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் 2019 மார்ச்சில் முடிவெடுத்தார். மணிக்கூலிக்கு அந்த இருக்கையில் அமர்ந்திருந்தவர்மேல் வழக்கு நடந்தது. 2023-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டுக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அவரை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் ஏணியின் கடைசிப் படியில் நின்றவர் மட்டுமே நீதிமன்றம் போனார் என்பதை அக்கம்பக்கத்தார் கவனித்தார்கள்.

அதே காலத்தில் பக்கத்து ஊரான சாண்ட்லரில், கூகுளின் சகோதர நிறுவனமான வேமோவின் வேன்கள்மீது கல் விழுந்தது, டயர் கிழிக்கப்பட்டது, ஒருவர் துப்பாக்கியையே நீட்டினார். இரண்டாண்டில் குறைந்தது 21 சம்பவங்கள் என்று 2018 இறுதியில் செய்தி வந்தது. இயந்திரத்தை வெறுக்கும் பழமைவாதிகள் என்று இவர்களைச் சிரித்து ஒதுக்குவது சுலபம். ஆனால் அவர்களுடைய தெரு ஒரு நிறுவனத்தின் சோதனைக்கூடம் ஆகியிருந்தது. அதற்கு அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

இந்தச் சமயத்தில் அறிவுலகம் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது என்பது ஒரு வேடிக்கை. பிரேக் பிடிக்காத கார் முதியவரை மோத வேண்டுமா, குழந்தையை மோத வேண்டுமா என்ற புதிரை இணையத்தில் வைத்து, 233 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் இருந்து 4 கோடி முடிவுகளைத் திரட்டி, 2018-ல் ‘நேச்சர்’ இதழில் ஒரு குழு வெளியிட்டது. பரந்த ஆய்வு, சுவையான முடிவுகள். டெம்பி காரோ யாரைக் காப்பது என்று ஒரு கணமும் தத்தளிக்கவில்லை. எதிரே இருப்பது மனிதர் என்பதே அதற்குத் தெரியவில்லை. அறத் தேர்வு என்ற பெரிய பெயரில் நாம் விவாதித்தது, உண்மையில் நடந்ததற்கு வெகுதொலைவில் இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் கதை வேறு தளத்துக்குப் போயிற்று. 2023 கோடைக்குள் வேமோவும், ஜெனரல் மோட்டார்ஸின் க்ரூஸும் சேர்ந்து சில நூறு கார்களை ஆளே இல்லாமல் நகரத்துக்குள் ஓட்டிக்கொண்டிருந்தன. தீயணைப்புத் துறை அந்த ஆண்டு மட்டும் 55 இடையூறுகளைப் பட்டியலிட்டது. எரியும் வீட்டுக்கு முன்னால் குழாய்களின்மேல் ஏறப் பார்த்த கார், மஞ்சள் நாடாவை அறுத்துக்கொண்டு உள்ளே வந்த கார், தீயணைப்பு வண்டி வெளியேற முடியாமல் நிலைய வாசலை மறித்து நின்ற கார். ஜனவரியில் ஒரு க்ரூஸ் காரை நிறுத்த வேறு வழியில்லாமல் வீரர்கள் அதன் முன்கண்ணாடியை உடைத்தார்கள். உள்ளே ஆள் இருந்தால் ‘ஓரங்கட்டுப்பா’ என்று ஒரு சத்தம் போட்டால் போதும். இங்கே யாரைப் பார்த்துச் சத்தம் போடுவது?

ஜூலையில் ஒரு குழுவினர் எளிய உபாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சாலை வேலைக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்பைத் தூக்கிக் காரின் பானெட்டில் வைத்தால் அது செய்வதறியாமல் அப்படியே நின்றுவிடும். கண்ணாடி உடையவில்லை, தீ வைக்கவில்லை. பல்லாயிரம் கோடி முதலீட்டில் உருவான வண்டி ஒரு பிளாஸ்டிக் கூம்புக்குக் கட்டுப்பட்டு நின்றது. இந்தக் கேலிக்குள் ஒரு வாதமும் இருந்தது: எங்களைக் கேட்காமல் வந்ததை எங்களாலும் நிறுத்த முடியும்.

ஆகஸ்ட் 10-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் கூடியது. இரு நிறுவனங்களும் நகரமெங்கும் நாள் முழுக்கக் கட்டணம் வாங்கி ஓட்டலாமா என்பது கேள்வி. மக்கள் வரிசையில் நின்று மணிக்கணக்கில் பேசினார்கள். தீயணைப்புத் துறைத் தலைவர் ஜெனீன் நிக்கல்சன் எதிர்ப்பைப் பதிவு செய்திருந்தார். நகர நிர்வாகமும் எதிர்த்தது. ஆதரவுப் பக்கத்தில் பார்வையற்றவர்களும் மாற்றுத்திறனாளிகளும் இருந்தார்கள். வழிகாட்டி நாயைப் பார்த்ததும் டாக்சி ஓட்டுநர்கள் ஏற்றாமல் போய்விடுவதைச் சொன்னார்கள்; இந்தக் காருக்கு அந்தக் குணம் கிடையாது. கூகுள் 2015-ல் ஆஸ்டின் நகரச் சாலையில் முதன்முதலாக ஆளில்லாக் காரில் தனியே பயணம் செய்யவைத்த ஸ்டீவ் மேஹன் என்பவரும் பார்வை இழந்தவர்தான். இந்தத் தரப்பை நிறுவனங்கள் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டன என்பது உண்மை. அதனால் அவர்களுடைய தேவை பொய்யாகிவிடாது. சொந்தமாக ஓட்ட முடியாதவர்களுக்கு அமெரிக்க நகரங்களின் அமைப்பே ஒரு சிறை. அவர்களை வாடிக்கையாளர்கள் என்று மட்டும் நான் சொல்லிவிட முடியாது.

ஆணையம் 3-க்கு 1 என்று அனுமதித்தது. ஆதரவாக வாக்களித்தவர்களில் ஒருவர் முன்பு க்ரூஸிலேயே வழக்கறிஞராக இருந்தவர். நகரத்துக்கு இதில் வாக்கு இல்லை. சாலை நகரத்துடையது, அதில் எது ஓடலாம் என்பது மாநிலத்தின் அதிகாரம். மறுநாள் இரவே சுமார் பத்து க்ரூஸ் கார்கள் நார்த் பீச் பகுதியில் கூட்டமாக நின்று தெருவை அடைத்துக்கொண்டன. அடுத்த வாரம் ஒன்று தீயணைப்பு வண்டியோடு மோதியது.

அக்டோபர் 2 இரவு. ஒரு பெண் சாலையைக் கடக்கும்போது மனிதர் ஒருவர் ஓட்டிவந்த கார் அவரை இடித்து, பக்கத்துத் தடத்தில் வந்த க்ரூஸ் காரின் முன்னால் வீசியது. இடித்தவர் நிற்காமல் போய்விட்டார். க்ரூஸ் பிரேக் போட்டது, ஆனாலும் மோதியது. நின்றது. பிறகு, விபத்து நேர்ந்தால் ஓரமாகப் போய் நில் என்ற கட்டளைப்படி, அடியில் அவர் சிக்கியிருப்பதை உணராமல் சுமார் 20 அடி இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் பலத்த காயத்தோடு பிழைத்தார்.

நிறுவனத்தின் அறிக்கை முதல் பாதியை மட்டும் சொன்னது: மனிதர் இடித்தார், எங்கள் கார் உடனே பிரேக் போட்டது. இழுத்துச் சென்றது அதில் இல்லை. அரசு அதிகாரிகளுக்குக் காணொளியைக் காட்டினோம், அது தானே பேசியிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். இணைய இணைப்புத் தடங்கலில் காணொளி சரியாக ஓடவில்லை. நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்கள் 2024 ஜனவரியில் தந்த அறிக்கை, அதிகாரிகளைச் சந்திக்கும் முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இழுத்துச் சென்றது தெரியும் என்றும், ‘நாம் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம்’ என்ற மனப்பான்மை தலைமையில் ஊறியிருந்தது என்றும் எழுதியது. அதற்கு முன்பே, 2023 அக்டோபர் 24-ல் மோட்டார் வாகனத் துறை அனுமதியை நிறுத்திவைத்தது. நவம்பரில் தலைமை அதிகாரி கைல் வோக்ட் விலகினார். பொய்யான விபத்து அறிக்கை தந்ததை ஒப்புக்கொண்டு க்ரூஸ் 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2024 டிசம்பரில், 1,000 கோடி டாலருக்கும் மேல் செலவழித்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்சி வேலையையே மூடியது.

முதல் தவறு மனிதருடையது. அவரைப் பற்றி ஊர் அவ்வளவாகப் பேசவில்லை. இது நியாயமில்லை என்று தொழில்நுட்ப ஆதரவாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு இது புதிராகத் தெரியவில்லை. இடித்துவிட்டு ஓடியவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கான சட்டப் பிரிவு, தேடும் காவலர், சிறை எல்லாம் ஏற்கெனவே உண்டு. க்ரூஸுக்கு அப்படி எதுவும் இல்லை. அது சொல்வதை நம்புவதைத் தவிர நகரத்துக்கு வேறு பிடிமானம் கிடையாது. அந்தச் சொல்லே பாதியாக வந்தபோது பிடிமானம் போய்விட்டது. க்ரூஸை வீழ்த்தியது அந்த 20 அடியைவிட, அதை மறைத்த இருபது நாட்கள்.

இதற்குச் சான்று அதே தெருக்களில் ஓடிய வேமோ. அதன்மேலும் கோபம் இல்லாமலில்லை. 2024 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு இரவில் சைனாடவுனில் ஒரு கும்பல் வேமோ காரைப் பட்டாசு வீசிக் கொளுத்தியது. ஆனால் ஜூனில் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று ஆனபிறகு மனம் மாறத் தொடங்கிற்று. 2025-ல் உள்ளூர் அரசியல் அமைப்பு ஒன்று எடுத்த கணிப்பில் நகர வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரவு என்றார்கள். இரண்டாண்டுக்கு முன் பாதிகூட இல்லை. ஏறிப் பார்த்த அனுபவம் ஒரு காரணம். நிறுவனம் தன் விபத்துக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டது இன்னொன்று. சுவிஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து 2.53 கோடி மைல் ஓட்டத்தை ஆராய்ந்ததில், மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட்டால் சொத்துச் சேதக் கோரிக்கைகள் 88 சதவீதமும் காயத்துக்கான கோரிக்கைகள் 92 சதவீதமும் குறைவு. ஆய்வில் நிறுவனத்தின் கையும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்; ஆனாலும் காப்பீட்டுக்காரர்கள் கருணையால் எண்களைக் குறைப்பவர்கள் அல்ல. உயிரிழப்பைப் பற்றி மட்டும் இன்னும் அடக்கமாகப் பேச வேண்டும். மரண விகிதத்தில் மனிதருக்கு நிகர் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லவே 27.5 கோடி மைல் ஒரு மரணமும் இல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று 2016-லேயே ராண்ட் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருந்தது.

சான்சி ஸ்டார் என்ற பொறியாளர் 1969-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையில் பலமுறை மேற்கோளாகிறது. தானே விரும்பி ஏற்கும் ஆபத்தை, பிறர் தன்மேல் சுமத்தும் ஆபத்தைவிடச் சுமார் ஆயிரம் மடங்கு அதிகமாக மனிதர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது அதன் கணிப்பு. எண்ணில் சண்டை போடலாம், போட்டிருக்கிறார்கள். ஆனால் மனிதரைவிட ஒன்பது மடங்கு பாதுகாப்பு என்று விளக்கியபிறகும் தெருவில் நிற்பவர் முகம் மலராததை அறியாமை என்று சொல்வதற்கு முன், அவருக்கு இந்தப் பேரத்தில் கிடைப்பது என்ன என்று கேட்டிருக்கலாம்.

சாலையில் நடப்பவர்கள் ஒரு புதிய வாகனத்தை எதிர்த்தது இது முதல்முறை அல்ல. அமெரிக்காவில் 1920-கள் வரை தெரு என்பது நடப்பவருக்கும், தள்ளுவண்டிக்காரருக்கும், பந்து விளையாடும் பிள்ளைகளுக்கும் உரியது. கார்கள் வந்து குழந்தைகளைக் கொன்றபோது ஊர்கள் அதை விபத்து என்று எடுத்துக்கொள்ளவில்லை; கொலை என்றே பார்த்தன. பால்டிமோரில் 1922-ல் ஓராண்டில் இறந்த 130 குழந்தைகளுக்குப் பொது இடத்தில் நினைவுத்தூண் எழுப்பினார்கள். வரலாற்றாசிரியர் பீட்டர் நார்ட்டன் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு சின்சினாட்டி நகரத்தில் 42 ஆயிரம் பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். நகரத்தின் ஒவ்வொரு காரிலும் ஒரு கருவியைப் பொருத்த வேண்டும். மணிக்கு 25 மைலைத் தொட்டால் அது எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வேகக் கட்டுப்பாட்டை ஓட்டுநரின் நல்லெண்ணத்துக்கு விடாமல் இயந்திரத்துக்குள்ளேயே வைக்கக் கேட்ட கோரிக்கை அது. ஒருவகையில் தானியங்கிக் காரின் மூதாதை, நடப்பவர்களின் பக்கத்திலிருந்து வந்தது. கார் விற்பனையாளர்கள் அரண்டுபோனார்கள். பணம் திரட்டி, வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதி, ஊரைச் சுற்றிச் சீனப் பெருஞ்சுவர் எழும்பப்போகிறது என்ற பாணியில் விளம்பரம் செய்தார்கள். நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் கோரிக்கை பெரும் வித்தியாசத்தில் தோற்றது.

அதற்குப் பிறகு வாகனத் துறை தற்காப்போடு நிற்கவில்லை. விதியையே மாற்றி எழுதப் புறப்பட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் 1925-ல் கொண்டுவந்த போக்குவரத்துச் சட்டம், நடப்பவரைக் கோட்டுக்குள் அடக்கியது. அது விரைவில் மற்ற நகரங்களுக்கு முன்மாதிரி ஆயிற்று. கண்ட இடத்தில் கடப்பவர் பட்டிக்காட்டான் என்று கேலி செய்யப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாலை ஆபத்தானது, ஒதுங்கி நில் என்று கற்பித்ததில் முன்னின்றது இன்று பயத்தை அளந்துகொண்டிருக்கும் அதே ஏஏஏதான். ஒரு தலைமுறைக்குள் கொலை விபத்தாகியது, தெரு சாலையாகியது. மக்கள் பழகிவிட்டார்கள் என்று சொல்லலாம். தோற்றவர்கள் இறந்துபோனார்கள் என்றும் சொல்லலாம்.

டெம்பியில் அந்த மென்பொருள் கோட்டுக்கு வெளியே மனிதரை எதிர்பார்க்காதது தற்செயல் அல்ல என்று எனக்குத் தோன்றக் காரணம் இதுதான். ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் சட்டத்தில் வென்ற ஒரு தரப்பின் பார்வை அப்படியே நிரலுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த விபத்து நடந்த சில மாதங்களிலேயே செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னணி அறிஞர் ஆண்ட்ரூ இங், நடப்பவர்களும் சட்டப்படி, அக்கறையோடு நடந்துகொண்டால் இந்தக் கார்கள் இன்னும் எளிதில் பாதுகாப்பாகும் என்ற பொருளில் பேசினார். 1925-ஐ மறுபடி கேட்பதுபோல் இருந்தது. முரணாக, கலிஃபோர்னியாவே 2023 ஜனவரி முதல், உடனடி ஆபத்து இல்லாதபோது கோட்டுக்கு வெளியே கடப்பதற்கு அபராதம் விதிப்பதை நிறுத்திவிட்டது. வேமோவின் கார்கள் இன்று கண்ட இடத்தில் கடப்பவருக்கும் நின்று வழிவிடுகின்றன. தொழில்நுட்பம் எந்தப் பக்கம் சாயும் என்பது அதன் விதியில் இல்லை. கட்டுபவரும் கட்டுப்படுத்துபவரும் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

பிழைப்பைப் பற்றிய பயம் தனி. சீனாவின் வூஹானில் பைடு நிறுவனத்தின் ரோபோ டாக்சிகள் சில நூறு, சாதாரண டாக்சியின் கட்டணத்தில் ஒரு சிறு பங்குக்கு ஓடத் தொடங்கியதும் 2024-ல் டாக்சி நிறுவனம் ஒன்று அதிகாரிகளுக்கு மனுக் கொடுத்தது. இந்தியாவில் அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் ஓட்டுநர் இல்லாத கார்களை அனுமதிக்கமாட்டேன், லட்சக்கணக்கான ஓட்டுநர்கள் வேலை இழப்பார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆண்டுக்கு ஒன்றேமுக்கால் லட்சம் பேர் அளவில் சாலையில் சாகும் நாடு இது என்று எதிர்வாதம் வைக்கலாம். ஆனால் நம் சாவுகளில் பெரும்பங்கு இருசக்கர வாகனக்காரர்களும் நடப்பவர்களும். அவர்களைக் காக்க நடைபாதையும் வெளிச்சமும் தலைக்கவசமும் இந்தக் கார்களின் லைடார் உணரிக்கு வெகு முன்பே வந்திருக்க வேண்டும்.

சொந்தக் காரை ஓட்டுகிறவர்களின் மனநிலை இன்னொரு சிக்கல். ஓலா ஸ்வென்சன் 1981-ல் கேட்டபோது அமெரிக்க மாணவர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் பாதிப் பேரைவிட நன்றாக ஓட்டுவதாகச் சொன்னார்கள். கணக்குப்படி அது முடியாத காரியம். இந்தத் தன்னம்பிக்கையும் இயந்திரத்தின்மேல் வைக்கும் அதீத நம்பிக்கையும் ஒரே ஆளுக்குள் சேர்ந்து இருக்க முடியும் என்பதை டெஸ்லா காட்டிவிட்டது. பெயரிலேயே தானாக ஓட்டுவதாகச் சொல்லும் வசதி, சட்டப்படி ஓட்டுநரின் கவனத்தையும் கோருகிறது. 2019-ல் ஃபுளோரிடாவில் கீழே விழுந்த கைப்பேசியை எடுக்கக் குனிந்தவரின் டெஸ்லா, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டியில் மோதியது. பக்கத்தில் நின்றிருந்த 22 வயதுப் பெண் இறந்தார். இங்கும் காருக்கு வெளியே நின்றவர். 2025 ஆகஸ்ட்டில் மயாமி ஜூரி பொறுப்பில் மூன்றில் ஒரு பங்கு டெஸ்லாவுடையது என்று சொல்லி, 24 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொன்னது. ஓட்டுநரும் கணினியும் பொறுப்பை ஒருவர்மேல் ஒருவர் தள்ளிக்கொள்ளும் இந்த இடைநிலைதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது என் எண்ணம்.

ஓட்டும் ஆசையே மெல்லத் தணிந்துவருவதையும் பார்க்க வேண்டும். 1983-ல் அமெரிக்காவின் 16 வயதினரில் 46 சதவீதம் பேரிடம் உரிமம் இருந்தது. 2014-ல் கால் பங்கினரிடம்தான். ரோபோ டாக்சி வருவதற்கு வெகுமுன்பே ஸ்டீரிங் தன் கவர்ச்சியை இழக்கத் தொடங்கிவிட்டது. வருங்காலத்தில் ஓட்டுவது யார் என்ற கேள்விக்கு இளைஞர்களில் பலர் ஏற்கெனவே விடை சொல்லிவிட்டார்கள்: நாங்கள் இல்லை. எனவே விவாதம் ஓட்டுநர் இருக்கையிலிருந்து விலகி, இன்னும் தெளிவாகத் தெருவுக்கு நகரும்.

2025 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே சான் புரூனோவில் காவலர்கள், விதிமீறித் திரும்பிய வேமோவை நிறுத்தினார்கள். அபராதச் சீட்டு எழுத முடியவில்லை. ஓட்டுநர் பெயர் எழுதும் இடத்தில் எழுத யாரும் இல்லை. அக்டோபர் இறுதியில் மிஷன் பகுதியில் ஒரு கடையில் வளர்ந்த, ஊரே அறிந்த கிட்கேட் என்ற பூனை வேமோ காரடியில் இறந்தது. மனிதர்கள் ஓட்டும் கார்களால் நூற்றுக்கணக்கில் பூனைகள் சாகத்தான் செய்கின்றன. ஆனால் கடை வாசலில் பூக்களும் மெழுகுவத்திகளும் குவிந்தன. மிகையுணர்ச்சி என்று சிரித்தவர்கள், நகர மன்ற உறுப்பினர் ஜாக்கி ஃபீல்டர் அதையொட்டி முன்வைத்த கோரிக்கையைக் கவனித்திருக்க மாட்டார்கள். தங்கள் பகுதியில் இந்தக் கார்கள் ஓடலாமா என்று அந்தந்த மாவட்ட வாக்காளர்களே முடிவு செய்ய மாநிலம் வழிவிட வேண்டும் என்றார் அவர்.

மாநிலம் இதுவரை கொடுத்திருப்பது வேறு. 2024-ல் கையெழுத்தான சட்டம் 2026 ஜூலை முதல் நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டது. காவலர்கள் நிறுவனத்தின் பெயருக்கு விதிமீறல் அறிவிப்பு அனுப்பலாம். தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அழைத்தால் பேச ஆள் இருக்க வேண்டும். அறிவிப்புக்கு இவ்வளவு அபராதம் என்று சட்டத்தின் வாசகம் சொல்லவில்லை. ஃபீல்டர் கேட்ட வாக்குரிமை மாநிலத் தலைநகரான சாக்ரமென்டோவின் கையில் இருக்கிறது. 1923-ல் சின்சினாட்டிக்காரர்கள் தோற்றார்கள் என்றாலும், அவர்கள் முன்னால் ஒரு வாக்குச்சீட்டாவது வைக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவுக்கு இன்னும் அதுகூடக் கிடைக்கவில்லை.